மூன்று பூஜ்யம் எழுதிய அம்மிணி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து இரண்டு நாள் கழித்து எனக்கே படிக்க வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது இன்னும் தடுமாற்றம்தான். படித்தவர்கள் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். எண்களை மட்டும் யாரும் தொட வேண்டாம். அவை சரியாக இருக்கின்றன.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் நான். கல்யாணப் பந்தியில் இரண்டாம் தரம் ரசம் கேட்கக்கூட வராது. எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வருத்தப்படுவது என் வழக்கம். அதனாலேயே, அப்படி இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக இருந்தது.

இவர் எங்கள் சாயப்பட்டறை முதலாளியின் தம்பி மகள். தகப்பனார் சின்ன வயதிலேயே போய்விட்டார். அவிநாசிபாளையத்துப் பக்கம் அம்மாவோடு தோட்டத்தில் வளர்ந்தவர். பெயரை எழுதப் போவதில்லை, சொந்தபந்தமெல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள். நாங்கள் அம்மிணி என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் பக்கத்தில் வயதுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவது.

அம்மிணி படித்தது கடல் படிப்பு. கடலில் என்னென்ன உயிர் இருக்கிறது, ஒரு தொழிற்சாலை வந்தால் அந்த உயிர்களுக்கு என்ன ஆகும், அதை எப்படி அளந்து அறிக்கை எழுதுவது என்பதெல்லாம் அதில் வருமாம். கடற்கரையில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஊசி போடுகிற டாக்டர் அல்ல. இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரிய வைக்கவே அவருக்குப் பாதி ஆயுள் போயிற்று.

"ஏங்கண்ணு, கடலே இல்லாத ஊருல பொறந்துட்டு மீனு புடிக்கவா படிக்கறே?" என்று ஒரு விசேஷத்தில் ஒரு பெரியவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"மீனு எதைத் திங்குதுன்னு படிக்கறனுங்க மாமா. உங்க பட்டறைத் தண்ணியுந்தானுங்க திங்குது" என்றார் அம்மிணி.

அந்தப் பெரியவருக்கும் சாயப்பட்டறை இருந்தது. அதற்குமேல் அவர் வடையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார்.

எங்கள் ஊர் நொய்யல் ஆற்றில் தொடங்கி, அது காவிரியில் சேர்ந்து, காவிரி கடலில் சேருகிற வாய் வரைக்கும் பதினாலு இடம் குறித்து வைத்திருந்தார். ஒவ்வோர் இடத்திலும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் சேற்றை எடுத்து, அதில் எத்தனை உயிர் இருக்கிறது என்று எண்ண வேண்டும். தண்ணீரை எடுத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். "தண்ணி போயிருமுங்கண்ணா. நேத்து உட்டது இன்னைக்கு இருக்காது. சேத்துல குடியிருக்கறது எங்க போகும்?" என்றார். பதினாலில் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது இடங்கள் எங்கள் பட்டறைக் கரையில் இருந்தன. எங்கள் தண்ணீரும் பக்கத்துப் பட்டறைகளின் தண்ணீரும் ஆற்றில் விழுகிற இடம்.

நான் அப்போது அங்கே வின்ச் மிஷினில் இருந்தேன். சுடுதண்ணீர்த் தொட்டியில் பனியன் துணியைச் சுற்றிச் சுற்றி ஓட்டி சாயம் ஏற்றுகிற வேலை. எண்பதுகளின் முடிவு அது. எனக்கு முப்பத்தைந்து வயது, முழங்கை வரைக்கும் என்ன நிறம் ஓடுகிறதோ அந்த நிறம். "புள்ள தனியா ஆத்துல எறங்கக் கூடாது, நீ கூடப் போ" என்று முதலாளிதான் என்னை அனுப்பினார். அதை இங்கே எழுதத்தான் வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அம்மிணி மேல் உயிரையே வைத்திருந்தார்.

வேலை இதுதான். ஓர் அடிக்கு ஓர் அடி இரும்புச் சட்டம். அதை ஆற்றடியில் வைத்து அழுத்தி, சட்டத்துக்கு உள்ளே இருக்கும் சேற்றை ஒரு சாண் ஆழத்துக்கு அள்ள வேண்டும். சல்லடையில் போட்டுத் தண்ணீருக்குள் வைத்தே அலச வேண்டும். சல்லடையில் நின்றதை வெள்ளை எனாமல் தட்டில் கவிழ்க்க வேண்டும். அம்மிணி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி நோட்டில் எழுதுவார். பெரியப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைச் சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டு, முடியைப் பனியன் வேஸ்ட் கிழிசலால் கட்டிக்கொண்டு, இடுப்புத் தண்ணீரில் நிற்பார். கரையில் நின்று பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

எழுதுவது பென்சிலில்தான். பேனா மை தண்ணீரில் கரைந்துவிடுமாம். பென்சிலின் பின்பக்கம் இருக்கும் ரப்பரைப் புதிதாக வாங்கியதுமே பிளேடால் வெட்டி எறிந்துவிடுவார். தப்பாக எழுதினால் மேலே ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். தாளைக் கிழிக்கவே மாட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் சல்லடை பிடித்தவர் கையெழுத்து.

"எனக்கெதுக்குங்க அம்மிணி?"

"நீங்கதான பாத்தீங்க? பாத்தவங்க போடோணும்."

அப்படித்தான் நான் என் பெயரை எழுதப் பழகினேன். அதற்கு முன் சம்பளத்தன்று மட்டும் எழுதுவேன், அதுவும் அவசரமாக.

சேற்று டப்பாக்களை ரயிலடிக்குக் கொண்டுபோக டவுன் பஸ்ஸில் ஏறுவோம். ஒருநாள் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது நாத்தம்? டப்பாவுல என்ன?"

"சேறுங்க."

"சேத்தைக் கொண்டுக்கிட்டு எங்க போறீங்க?"

"காலேஜிக்குங்க."

"எறக்கு எறக்கு. பஸ்ஸுல சேறெல்லாம் ஏத்தப்படாது."

"உங்க பஸ்ஸு பாலத்து மேல போறப்ப தெனமும் இதே நாத்தந்தானுங்க. அப்ப யாரை எறக்குவீங்க? ஆத்தையா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அம்மிணி சிரிக்கவில்லை. டிக்கெட்டை வாங்கி நோட்டுக்குள் ஒட்டி வைத்தார்.

இனி நான் செய்த காரியம். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி மற்றதைச் சொல்ல முடியாது.

முதல் மூன்று இடங்கள் ஊருக்கு மேற்கே, பட்டறைத் தண்ணீர் கலப்பதற்கு முன்னால். அங்கே தட்டு நிறைந்தது. நத்தை பதினேழு, சிவப்புப் புழு நாற்பத்தொன்று, தட்டான் குஞ்சு இரண்டு. தட்டான் பறப்பதற்கு முன் தண்ணீருக்குள் குஞ்சாகக் கிடக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மறுநாள் நாலாவது இடம். எங்கள் பட்டறைத் தண்ணீர் விழுகிற வாய். சேறு கறுப்பாக, சோப்பு மாதிரி வழுவழு என்று வந்தது. அலசினேன். ஒன்றும் இல்லை. இரண்டாம் தரம் அலசினேன். நூல் பிசிறும் ஒரு பட்டனும்தான் நின்றன.

அம்மிணி கரையில் பாட்டில்களுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு பாத்திரத்தில் பலகாரம் கொடுத்தனுப்பினால் அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு பிடி சர்க்கரையோ நாலு கத்தரிக்காயோ போட்டுத்தான் கொடுப்போம். வெறும் பாத்திரத்தைக் கையில் நீட்டுவது மரியாதையில்லை. இவ்வளவு தூரம் படித்து வந்த பெண்ணின் கையில், அதுவும் அவர் பெரியப்பாவின் இடத்தில், வெறும் தட்டை எப்படி நீட்டுவது? எனக்குக் கை வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து வாய்க்கால் கிணற்றுத் தண்ணீரில் ஓடுவது. அதிலிருந்து மூன்று நத்தையை எடுத்துத் தட்டில் போட்டுக் கொண்டுபோனேன்.

அம்மிணி மூன்று என்று எழுதிவிட்டார். நானும் கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் ஒரு நத்தையை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். ஓட்டில் சாயக் கறை ஒட்டவில்லை.

"அண்ணா, இது இங்க இருந்துச்சுங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏனுங்கண்ணா?"

"வெறுந்தட்டைக் குடுக்க ஒரு மாதிரியா இருந்துச்சுங்க அம்மிணி."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மூன்றின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில், 'வெளியிலிருந்து போடப்பட்டது, கணக்கில் இல்லை' என்று எழுதினார். யார் போட்டது என்று எழுதவில்லை. "வாங்க, மறுபடி அலசுவோம்" என்று அவரே சல்லடையைப் பிடித்தார். மூன்று தரம் எடுத்தோம். ஒன்றுமில்லை. பூஜ்யம் என்று எழுதினார்.

"இல்லைன்னா அப்படியே உட்டுரலாமுங்களே, எதுக்குங்க பூஜ்யம்?" என்று கேட்டேன்.

"எழுதாம உட்டா நாம பாக்கலைன்னு ஆயிருமுங்க. நாம பாத்தோம். பாத்துட்டு இல்லைங்கறோம்."

ஐந்தாவதும் ஆறாவதும் அப்படியே. ஒவ்வொன்றிலும் மூன்று தரம் எடுத்தோம், மூன்று தரமும் பூஜ்யம். எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருக்கிறது.

முதலாளிக்கு அப்போது பட்டறையைப் பெரிதாக்கும் எண்ணம். அதற்கு ஆபீசுகளில் அனுமதி வாங்க வேண்டும். ஊர்ப் பெண்ணே எழுதிய கணக்கு வெளியே போனால் சிக்கல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் மதியம் அம்மிணியை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். நான் டப்பாக்களோடு வாசலில் நின்றேன்.

"கண்ணு, அந்த நாலு, அஞ்சு, ஆறு... அதுல மட்டும் ஒண்ணும் எழுதாம உட்ரு சாமி."

"ஏனுங்க பெரீப்பா?"

"பொய் எழுதுன்னு நான் சொல்லுவனா? போகல, பாக்கலைன்னு சும்மா உடு. மிச்சம் பதினொண்ணு இருக்குதல்ல?"

"போனனுங்க. பாத்தனுங்க."

"புழு பூச்சி இல்லாத தண்ணிய ஊருல நல்ல தண்ணிம்பாங்க. நீ என்னடான்னா புழு இல்லைன்னு அழுகறே!"

"அப்படீங்களா? அந்த நல்ல தண்ணில ஒரு சொம்பு மோந்துட்டு வரச் சொல்றனுங்க. நீங்க பாதி குடிங்க, நான் பாதி குடிக்கறேன். குடிச்சுட்டு நான் அந்த மூணையும் எடுத்தர்றேன்."

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. என்னைக் கை காட்டினார். "பட்டறை நின்னா இவன் ஊட்டுல அடுப்பு எரியாது. கேளு இவன."

அம்மிணி என் பக்கம் திரும்பினார். "உங்க ஊட்டு அடுப்பு எரியோணுமுங்கண்ணா. தண்ணியைச் சுத்தம் பண்ணி உட்டாலும் எரியும். நான் எழுதுனதை எடுத்தாத்தான் எரியும்னு யாரு சொன்னது?"

நான் இரண்டு பேருக்கும் சேர்த்து, 'சரிங்க' என்றேன். என்ன சரி என்று எனக்கே தெரியாது. இப்படித்தான் இருந்தேன் நான்.

அம்மிணி கடற்கரைக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்தக் கோடையிலேயே ஒரு டீ நேரத்தில், வேலை செய்கிறவர்களிடம் நான் நத்தை போட்ட கதையைச் சொல்லிச் சிரித்தேன். வெட்கப்பட வேண்டியதைச் சிரிப்பாகச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். அது முதலாளி காதுக்குப் போயிற்று. ஒரு வருடம் கழித்து ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்றார். 'சரிங்க' என்று போட்டேன்.

என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த நாள்தான் கணக்குப்பிள்ளை சொன்னார். சேற்றை அலசியவனே தட்டில் வெளிநத்தையைப் போட்டிருக்கிறான், ஆகவே அந்த நோட்டில் உள்ள கணக்கு எதையும் நம்ப முடியாது என்று நானே பல்கலைக்கழகத்துக்கு எழுதியதாக இருந்ததாம். தாள் தபாலில் போய்விட்டது. அம்மிணியின் பட்டத்துக்கான கடைசித் தேர்வு அடுத்த வாரம். அது பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்றும் கணக்குப்பிள்ளைதான் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீங்க பண்ணுன தப்புக்கு அந்தப் புள்ள எதுக்குங்க பதில் சொல்லோணும்?" என்றாள்.

"போனா வேலை போயிருமே."

"போகட்டுமுங்க. இந்தக் கையைப் பாத்தா உங்களுக்கு வேலை மாதிரியா தெரியுது?" என்று என் நீலக் கையைப் பிடித்துக் காட்டினாள்.

பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். கடல் பக்கத்தில்தான் இருந்தது. சத்தம் கேட்டது. போய்ப் பார்க்கவில்லை, நேரமாகிவிட்டது. பெரிய ஹால். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் அம்மிணி நின்று இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். சுவரில் படம் விழுந்தது. எனக்கு எண்கள் மட்டும் புரிந்தன. பதினேழு. நாற்பத்தொன்று. பிறகு பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

தேர்வு செய்ய வெளியூரிலிருந்து வந்தவர் வயதானவர், கண்ணாடி போட்டவர். அந்தக் கடிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். நோட்டைத் திறந்து, கோடு போட்ட மூன்றைக் காட்டினார். அம்மிணியின் பேராசிரியர் எழுந்து தமிழில் சொன்னார்: "சார், அந்த மூன்று இடத்தையும் எடுத்துவிடலாம். மீதி பதினொன்றே பட்டத்துக்குப் போதும். இந்தப் பக்கத்தை அப்போதே கிழித்துவிடு என்று நான் சொன்னேன், கேட்கவில்லை."

"எடுக்க மாட்டனுங்க சார்." அதுவரை இங்கிலீஷில் பேசியவர் சட்டென்று எங்கள் ஊர்ப் பேச்சுக்கு வந்துவிட்டார். "பதினாலு எடம் பாத்தேன். பதினாலுந்தான் இருக்கும். இல்லீன்னா பட்டம் வேண்டாமுங்க."

"கடிதம் இருக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். வெளியிலிருந்து போட்டது யார்?" என்று வயதானவர் கேட்டார்.

என் பெயரைச் சொன்னால் அம்மிணிக்கு வேலை முடிந்தது. சொல்லவில்லை.

எழுந்து நின்றுவிட்டேன். நிற்கிறேன் என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானுங்க."

"நீங்கள் யார்?"

"சல்லடை புடிச்சவனுங்க. நத்தை போட்டது நாந்தானுங்க."

"எதற்குப் போட்டீர்கள்?"

"வெறுந்தட்டைக் குடுக்கப்படாதுங்க எங்கூருல."

ஹாலில் சிரிப்பு எழுந்தது. வயதானவர் சிரிக்கவில்லை. "பிறகு?"

"அம்மிணி கண்டுபுடிச்சிருச்சுங்க. கோடு போட்டுட்டு மறுபடி மூணு தடவை அலசுனமுங்க. ஒண்ணுமில்லீங்க. அஞ்சுலயும் ஒண்ணுமில்லீங்க. ஆறுலயும் இல்லீங்க."

"ஆனால் இந்தக் கடிதத்திலும் உங்கள் கையெழுத்துத்தானே இருக்கிறது?"

"அது எனக்குப் படிக்கத் தெரியாத கடுதாசிங்க. போடச் சொன்னாங்க, போட்டனுங்க. நோட்டுல இருக்கறது பாத்துட்டுப் போட்டதுங்க. எது வேணுமோ நீங்களே எடுத்துக்குங்க சாமி."

உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்திலிருந்த மாணவன் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

அவர்கள் தனியறைக்குப் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்து பட்டம் உண்டு என்றார்கள். பதினாலு இடத்தோடும். கை தட்டினார்கள். அம்மிணி நேராக என்னிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்துக் கூச்சத்தில் வேஷ்டி முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, அந்த நத்தைய எங்க எடுத்தீங்க?"

"பக்கத்துத் தோட்டத்து வாய்க்காலுங்க. கெணத்துக்குக் கெழபுறம்."

"அங்க இன்னும் இருந்துச்சுங்களா?"

"கெடந்துச்சுங்க, நெறைய."

பென்சிலை எடுத்தார். கோடு போட்ட மூன்றுக்குப் பக்கத்தில் அதையும் எழுதி, அன்றைய தேதி போட்டு, என்னிடம் நோட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது. பிறகு அவர் வேறு கடற்கரைக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அங்கேயும் எவராவது எதையாவது எடுக்கச் சொல்லியிருப்பார்கள். இவர் எடுத்திருக்க மாட்டார்.

ஊருக்கு வந்து மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்றா சொன்னே அங்க?"

"பாத்ததைச் சொன்னனுங்க."

"அப்ப நாளையிலிருந்து வராத."

"சரிங்க" என்றேன். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அன்றைக்கு முடியவில்லை. "வரலீங்க மொதலாளி. ஆனா ஆறு உங்க கேட்டுக்கு வெளிய இருக்குதுங்க. அங்க வருவனுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

இப்போது ஒரு பனியன் கம்பெனியில் வெட்டுகிற டேபிளுக்குத் துணி அடுக்கிக் கொடுக்கிறேன். கையில் நிறம் போய் வருடங்கள் ஆகின்றன. வெல்டிங் பட்டறையில் ஓர் அடிக்கு ஓர் அடி சட்டம் அடித்து வாங்கினேன். சல்லடையும் வாங்கினேன். வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழை ஓய்ந்ததும், விடுமுறை நாளில் ஆற்றுக்குப் போகிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, சம்பளமும் இல்லை. கரையில் நிற்பவர்கள், "என்னுங்க, காசு தொலைஞ்சு போச்சா?" என்று கேட்கிறார்கள். 'எண்ணறனுங்க' என்கிறேன். பென்சிலில்தான் எழுதுகிறேன். நோட்டு வீட்டில் இருக்கிறது, யார் வந்து கேட்டாலும் காட்டுவேன். இந்த வருடத்துக் கணக்கை மட்டும் இங்கே எழுதி நிறுத்துகிறேன்.

நாலாவது இடம், மூன்று தரம் எடுத்தது, பூஜ்யம்.
ஐந்தாவது இடம், மூன்று தரம் எடுத்தது, பூஜ்யம்.
ஆறாவது இடம், மூன்று தரம் எடுத்தது, பூஜ்யம்.
பார்த்தது நான்.

21-11-1999, ஞாயிற்றுக்கிழமை.